மைக்ரோவேவ் ஓடினாலும் பாட்டு நிற்கவில்லை: செந்தூல் வரிசை வீட்டில் நான்கு அறைக்கு ஒரே இசை

பின் சமையலறையில் மைக்ரோவேவ் மூன்று நிமிடம் ஓடி மணி அடித்தது. அதுவரை ஹாலில் ஓடிய அதே பாட்டு சமையலறை ஸ்பீக்கரிலும் ஒரு சொல் விழாமல் ஓடியது. ஆறு வாரமாக இந்த மூன்று நிமிடம்தான் தோற்றுக்கொண்டே இருந்தது. அது தேறிய பிறகு எழுதும் பதிவு இது. எங்கே பணம் போனது, எங்கே வீணானது, எந்த அளவு சரிப்பட்டது என்பதெல்லாம் நடந்த வரிசையிலேயே இருக்கிறது.

வீடு கோலாலம்பூரின் செந்தூலில், இரட்டை மாடி வரிசை வீடு. 22 அடி அகலம், 70 அடி நீளம். ஃபைபர் லைன் முன் ஹாலில் நுழைகிறது, ரவுட்டரும் அங்கேதான். பாட்டு வேண்டிய இடங்கள் நான்கு: ஹால், சாமி அறை, பின் சமையலறை, மாடியில் ஒரு படுக்கையறை. காலையில் சாமி அறையில் போடும் பக்திப் பாட்டு சமையலறையிலும் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மின்னல் எஃப்எம் வானொலி நான்கு இடத்திலும் ஒன்றாக ஓட வேண்டும். மாடியில் படிப்பு நடந்தால் அந்த அறை மட்டும் தனியாக நிற்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

எதை வாங்கவில்லை, ஏன்

புளூடூத் ஸ்பீக்கர் முதல் நாளே கழிந்தது. ஒரு செங்கல் சுவர் தாண்டினால் திக்குகிறது, போனில் அழைப்பு வந்தால் பாட்டு நிற்கிறது. இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்துக்கொள்ளும் 'பார்ட்டி' வசதி ஒரே அறைக்குச் சரி, நாலு அறைக்கு ஆகாது.

பெரிய பிராண்டுகளின் வைஃபை ஸ்பீக்கர்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. வீட்டில் எல்லோரிடமும் ஐபோன் இருந்தால் ஆப்பிளின் ஏர்பிளே 2 வசதியுள்ள ஸ்பீக்கர்களை வாங்கிவிட்டு இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம், அது குறைந்த வேலை. இந்த வீட்டில் பாதிப் பேரிடம் ஆண்ட்ராய்டு. அதிலிருந்து ஏர்பிளே 2-க்கு நேராக அனுப்ப வழியில்லை. கூகுள் காஸ்ட் இரண்டு வகைப் போனுக்கும் ஒத்துவரும். ஆனால் இருக்கிற ஆம்ப்ளிஃபையரையும் பழைய ஸ்பீக்கர்களையும் அதில் சேர்க்கத் தோதாக இருந்த குரோம்காஸ்ட் ஆடியோவின் தயாரிப்பை 2019 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு ஜோடி பழைய ஸ்பீக்கர் ஸ்டோர் ரூமில் கிடக்கும்போது புதுசுக்குச் செலவு செய்ய மனம் வரவில்லை. முடிவு: அறைக்கு ஒரு ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கணினிப் பலகை), அதில் ஸ்நாப்காஸ்ட். இலவச மென்பொருள். ஒரு கணினி சர்வராக இருந்து பாட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் 'இதை இந்த நேரத்தில் வாசி' என்று முத்திரை குத்தி அனுப்பும். அறைகளில் உள்ள கிளையன்ட்கள் சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்து அதே நேரத்தில் வாசிக்கும். இதற்காக இயல்பாகவே 1000 மில்லிசெகண்ட் கையிருப்பு வைத்துக்கொள்கிறது. அந்த ஒரு விநாடித் தாமதத்தால் டிவி சத்தத்தை இதில் விட முடியாது, வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் போகும். பாட்டுக்கும் வானொலிக்கும் அது தொந்தரவே இல்லை.

பழைய ஸ்பீக்கருக்குப் புது ஓரம்

சமையலறைக்கு ஒதுக்கிய ஜோடி ஆறரை அங்குலம். கூம்பு, காயில் (கம்பிச் சுருள்) இரண்டும் நன்றாக இருந்தன. கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் ஓரம் மட்டும் விரல் பட்டதும் ஈர பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஃபோம் ஓரம் இப்படித்தான் போகும். ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. ஓரத்தை மாற்றினால் திரும்ப ஓடும்.

முதல் தப்பு இங்கே நடந்தது. 'ஆறரை அங்குல ஃபோம்' என்று மட்டும் பார்த்து இணையத்தில் 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ஜோடி வாங்கினால், கூம்பில் உட்கார வேண்டிய உள் விளிம்பு 6 மி.மீ. சின்னது. ஆறரை அங்குலம் என்பது சட்டத்தின் பெயரளவு, கூம்பின் அளவு அல்ல. அளக்க வேண்டியவை நான்கு: கூம்பின் வெளி விட்டம், ஓரத்தின் வளைவு தொடங்கும் இடத்து விட்டம், வளைவு முடியும் இடத்து விட்டம், சட்டத்தில் ஒட்டும் பட்டையின் வெளி விட்டம். நான்கையும் மி.மீட்டரில் எழுதிக்கொண்டு வாங்கிய இரண்டாவது ஜோடி 50 வெள்ளி, அச்சாக உட்கார்ந்தது.

வேலையில் முக்கால்வாசி பழைய பசையைச் சுரண்டுவதுதான். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துச் சட்டத்தில் ஒற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் கத்தியால் சுரண்ட வேண்டும். காகிதக் கூம்பில் ஆல்கஹாலை ஊற்றக் கூடாது, பஞ்சு ஈரம் போதும். ஒரு ஸ்பீக்கருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பிறகு புது ஃபோமை முதலில் கூம்பில் மட்டும் ஒட்டி ஓர் இரவு காயவிட வேண்டும். மறுநாள்தான் சட்டத்தில். இரண்டையும் ஒரே நாளில் ஒட்டினால் காயிலை நடுவில் நிறுத்த முடியாது.

நடுவில் நிறுத்துவது கை வேலை, காது வேலை. சட்டப் பக்கப் பசை இன்னும் வழுக்கும்போதே நான்கு விரல்களைக் கூம்பின் நான்கு பக்கம் வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விட வேண்டும். காயில் காந்தத்தில் உரசினால் மணல் தேய்க்கும் சத்தம் வரும். எந்தப் பக்கம் அழுத்தும்போது வருகிறதோ அதைப் பார்த்து ஃபோமை அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி மறுபடி அழுத்த வேண்டும். சத்தம் முழுக்க நின்ற பிறகு துணி கிளிப் எட்டைச் சுற்றிப் போட்டு 24 மணி நேரம் தொடாமல் விட வேண்டும். இரண்டாவது ஸ்பீக்கரில் பொறுமை குறைந்ததால் லேசான உரசல் மிச்சம் இருந்துவிட்டது. அதைப் பிரித்து மறுபடி செய்ததில் ஒரு மாலை போனது. அடுத்த முறை ஃபோமுக்குப் பதில் ரப்பர் ஓரம். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஆனால் இந்த ஈரத்தில் உதிராது.

பலகைகளும் இரைச்சலும்

ஹாலில் ஏற்கெனவே ஒரு ஏவி ரிசீவர் இருந்தது. அதன் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை 4, நெட்வொர்க் கேபிளில் ரவுட்டரோடு நேர் இணைப்பு. சர்வரும் இதுதான், ஹாலின் கிளையன்டும் இதுதான். ஒலி எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்குப் போகிறது.

சாமி அறை சின்னது. ராஸ்பெர்ரி பையின் சின்ன வகையான ஜீரோ 2 டபிள்யூ ஒன்று, மேக்ஸ் 98357ஏ பலகை ஒன்று, 4 ஓம் 3 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. இந்தப் பலகை டிஜிட்டல் ஒலியை நேராக வாங்கி 5 வோல்ட்டில் சுமார் 3 வாட் தரும், தனி ஆம்ப் வேண்டாம். இடது, வலது இரண்டையும் கலந்து ஒரே ஸ்பீக்கருக்குத் தருகிற அமைப்பில் அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இடப் பக்கம் மட்டும் வந்தால் பாடகர் இருப்பார், மிருதங்கம் காணாமல் போகலாம்.

சமையலறைக்கும் மாடிக்கும் ஆளுக்கொரு ஜீரோவோடு, டிஜிட்டல் ஒலியை ஆம்புக்கு ஏற்ற ஒலியாக மாற்றும் பிசிஎம் 5102ஏ பலகையும் டிபிஏ 3116 ஆம்ப் பலகையும். கோலாலம்பூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ஜாலான் பாசாரில் இரண்டும் கிடைக்கும். பிசிஎம் 5102ஏ-யின் மலிவுப் பலகையில் ஒரு கண்ணி உண்டு: பின்புறம் 1 முதல் 4 வரை நான்கு சாலிடர் இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் எச், எல் என்று இரு பக்கம். 1, 2, 4 மூன்றும் எல் பக்கம், 3 மட்டும் எச் பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். 3 என்பது மியூட் கால். அது திறந்து கிடந்தால் கணினி ஒலி அட்டையைக் காட்டும், பாட்டு ஓடுவதாகச் சொல்லும், ஸ்பீக்கரில் மட்டும் ஒன்றும் வராது. முன்புறம் எஸ்சிகே காலும் கிரவுண்டோடு சேர்ந்திருக்க வேண்டும். வாங்கிய இரண்டு பலகையில் ஒன்றில் நான்கு இணைப்பும் வெறுமையாக வந்தது. மென்பொருளில் குற்றம் தேடி வீணான இரண்டு மணி நேரத்தை, பலகையைத் திருப்பிப் பார்த்திருந்தால் மிச்சப்படுத்தியிருக்கலாம்.

ராஸ்பெர்ரி பையோடு இணைப்பு: பிட் கிளாக் 12-ஆவது காலுக்கு, இடம்-வலம் கிளாக் 35-க்கு, டேட்டா 40-க்கு, 5 வோல்ட் 2-க்கு, கிரவுண்ட் 6-க்கு. பூட் கான்ஃபிக் கோப்பில் ஹைஃபைபெர்ரி டேக் ஓவர்லே வரியைச் சேர்த்து, உள்ளேயே இருக்கும் ஆடியோ வரியை அணைக்க வேண்டும். 2023-இல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு பூட் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர் என்ற உள் கோப்புறையில் இருக்கிறது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துப் பழைய இடத்தில் எழுதினால் ஒன்றும் நடக்காது.

ஆம்புக்கு லேப்டாப்பின் பழைய 19 வோல்ட் அடாப்டர். 8 ஓம் ஸ்பீக்கரில் 20 வாட் அளவுக்குத் தாராளமாக வரும். 12 வோல்ட் கொடுத்தால் 9 வாட்தான், சமையலறைக்கு அதுவே போதும். ஆனால் பழைய லேப்டாப் அடாப்டர் 25 வெள்ளிக்குக் கிடைக்கும்போது எதற்குக் குறைக்க வேண்டும்?

இரைச்சல் இங்கேதான் முளைத்தது. ஒரே அடாப்டரில் எல்லாம் ஓடட்டும் என்று 19 வோல்ட்டை 5.1 வோல்ட்டாகக் குறைக்கும் எல்எம் 2596 பலகை ஒன்றை நடுவில் போட்டதும், பாட்டு இல்லாத நேரத்தில் ஸ்பீக்கரில் கொசு மாதிரி ஒரு ரீங்காரம். வைஃபை வேலை செய்யும் தாளத்துக்கு அது ஏறி இறங்கியது. காரணம் கிரவுண்ட். மின்சார வழியிலும் ஒரு கிரவுண்ட், ஒலி வயர் வழியிலும் ஒரு கிரவுண்ட். இரண்டும் சேர்ந்து வளையமாகி, ராஸ்பெர்ரி பை இழுக்கும் மின்னோட்டத்தின் துடிப்பு ஒலிக்குள் நுழைகிறது. 14 வெள்ளிக்கு ஒலி வயரில் போடும் ஐசொலேட்டர் வாங்கிப் போட்டதில் ரீங்காரம் போனது, கூடவே தவிலின் அடியும் போனது. மலிவு டிரான்ஸ்ஃபார்மர் கீழ் ஸ்தாயியைத் தின்கிறது. கடைசியில் இரண்டையும் கழற்றிவிட்டு, ராஸ்பெர்ரி பைக்குத் தனியாக 15 வெள்ளியில் இரண்டு முள் பிளக் உள்ள 5 வோல்ட் அடாப்டர். வளையம் அறுந்தது, சத்தம் அடங்கியது. முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும்.

சத்தத்தின் அளவை அமைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பிசிஎம் 5102ஏ முழு அளவில் 2.1 வோல்ட் தருகிறது, ஆம்ப் அதை இருபது மடங்குக்கு மேல் பெருக்கப் பார்க்கும். மென்பொருளில் 20 சதவீதம் வைத்தாலே அக்கம்பக்கம் கேட்கும். மென்பொருளில் 100 வைத்துவிட்டு, ஆம்பின் திருகை 'இதற்கு மேல் இந்த அறைக்கு வேண்டாம்' என்ற இடம் வரை திருப்பி அங்கேயே ஒரு சொட்டு சூட்டுப் பசை. பிறகு போனில் 0 முதல் 100 வரை முழுக்கப் பயன்படும். யாராவது தவறி 100-க்கு இழுத்தாலும் ஒன்றும் கிழியாது.

சுருதி ஏறிய வானொலி

சர்வரில் பாட்டு வாசிக்கும் மென்பொருள் எம்பிடி, அது ஒரு குழாய்க் கோப்பில் எழுதுகிறது, ஸ்நாப்காஸ்ட் அங்கிருந்து எடுக்கிறது. ஐபோனிலிருந்து வரும் பாட்டை வாங்க ஷேர்போர்ட் சிங்க், ஸ்பாட்டிஃபைக்கு லிப்ரெஸ்பாட். பின்னதற்குக் கட்டணம் கட்டும் பிரீமியம் கணக்கு வேண்டும்.

முதல் பாட்டிலேயே நாகஸ்வரம் கிட்டத்தட்ட முக்கால் கட்டை மேலே ஏறி, நடுநடுவே விக்கியது. எம்பிடி 44.1 கிலோஹெர்ட்ஸில் எழுத, ஸ்நாப்காஸ்ட் 48 என்று நினைத்து வாசித்ததுதான் காரணம். விநாடிக்கு 44,100 எண்கள் வரும் இடத்தில் 48,000 தின்றால் சுருதி ஏறும், தீனி போதாமல் விக்கலும் வரும். எம்பிடியின் வெளியீட்டில் 48000, 16 பிட், 2 சேனல் என்று வெளிப்படையாக எழுதியதும் சரியானது. சுருதிப் பெட்டியோடு பழகிய காது இருந்தால் இந்தப் பிழையை ஐந்து விநாடியில் பிடித்துவிடலாம். இல்லாவிட்டால் 'ஏதோ வேகமாக இருக்கிறது' என்று நாள் கணக்கில் ஓடும்.

போனிலிருந்து ஸ்பீக்கரே தெரியவில்லை என்றால், பத்தில் ஒன்பது முறை போன் விருந்தினர் வைஃபையில் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வீட்டுச் சாதனங்களைப் பார்க்க ரவுட்டர் விடாது.

வைஃபை: ஆறு வாரத்தில் நாலு வாரம் இங்கே

ரவுட்டரிலிருந்து அளந்த சிக்னல்: சாமி அறை மைனஸ் 58, மாடி மைனஸ் 63, பின் சமையலறை மைனஸ் 76 டிபிஎம். சுழியை நெருங்க நெருங்க சிக்னல் வலு. மைனஸ் 67-க்கு மேலே இருந்தால் நிம்மதி, மைனஸ் 75-க்குக் கீழே போனால் நாள் பார்த்துத்தான் ஓடும். நாலு அறைக்கும் சேர்த்து ஸ்நாப்காஸ்டுக்குத் தேவை சுமார் 4 மெகாபிட். இன்டர்நெட் வேகத்துக்கும் இந்தத் திக்கலுக்கும் சம்பந்தம் இல்லை. 100 மெகாபிட் லைனை 300 ஆக்கினால் சமையலறை ஸ்பீக்கர் தேறாது.

ஜீரோ 2 டபிள்யூவில் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். வரிசை வீட்டில் இரு பக்கமும் எதிரிலும் பின் சந்திலும் எல்லோர் ரவுட்டரும் அந்த அலைவரிசையில்தான் கத்துகின்றன. ரவுட்டரை 'ஆட்டோ'விலிருந்து எடுத்துச் சேனல் 1-இல் கட்டி, அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தது முதல் படி. அடுத்தது ராஸ்பெர்ரி பையின் வைஃபை மின்சேமிப்பை அணைப்பது. நெட்வொர்க் மேனேஜரில் பவர்சேவ் மதிப்பு 3 என்றால் இயக்கம், 2 என்றால் அணைப்பு. முன்பு பிங் (ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம்) 4-லிருந்து 180 மில்லிசெகண்ட் வரை குதித்தது, அணைத்த பிறகு 10-க்குள் நின்றது. சாமி அறையும் மாடியும் இந்த இரண்டிலேயே தேறிவிட்டன.

சமையலறை தேறவில்லை. சாதாரண நேரத்தில் ஓடும், மைக்ரோவேவ் போட்டால் நிற்கும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில், வைஃபையின் அதே வீட்டில். கதவு இடுக்கில் கசிகிற துளியே பலவீனமான சிக்னலை மூழ்கடிக்கப் போதும். கையிருப்பை 1000-லிருந்து 2000 மில்லிசெகண்டாகக் கூட்டினால் நிற்பது சற்றுத் தள்ளிப்போனது, நிற்காமல் இருக்கவில்லை. அடுத்து, வைஃபையை வாங்கித் திரும்பப் பரப்பும் மெஷ் பெட்டி ஒன்று, இரவல் வாங்கியது. அதைச் சமையலறையிலேயே வைத்ததுதான் இந்த வேலையின் பெரிய முட்டாள்தனம். சிக்னல் சாகும் இடத்தில் வைத்தால் மெஷ் பெட்டியும் அதே செத்த சிக்னலைத்தான் வாங்கிப் பரப்பும். நடுவில், படிக்கட்டுக்கு அடியில் வைத்தபோது மைனஸ் 61 வந்தது. மைக்ரோவேவ் மட்டும் இன்னும் ஜெயித்தது.

கடைசி வழி, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வழி: கேபிள். ரவுட்டரிலிருந்து கூரை விளிம்போடு கேட் 6 கேபிள் 18 மீட்டர், மேலே அதை மூடும் வெள்ளை டிரங்கிங். 20 மீட்டர் கேபிள் 30 வெள்ளி, டிரங்கிங்கும் ஆணியும் 28 வெள்ளி, ஒரு சனிக்கிழமைக் காலை. மின் வயர் ஓடும் டிரங்கிங்குக்குள் நுழைக்காமல் ஒரு சாண் தள்ளித் தனியாக. ஜீரோவைக் கழற்றிவிட்டு, நெட்வொர்க் துளை உள்ள பழைய ராஸ்பெர்ரி பை 3 பி பிளஸ். இப்போது மைக்ரோவேவ், பிளெண்டர், வாஷிங் மெஷின் மூன்றையும் ஒன்றாக ஓட்டினாலும் பாட்டு அசையவில்லை. மூன்றும் ஓடும்போது பாட்டு காதில் விழுவதில்லை என்பது வேறு.

பலகையை மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்நாப்காஸ்ட் ஒவ்வொரு அறையையும் அதன் மேக் முகவரியால் (நெட்வொர்க் கருவிக்கு உரிய அடையாள எண்) அடையாளம் வைக்கிறது. பலகையை மாற்றினாலும், அதே பலகையை வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாற்றினாலும் அது புதிய அறையாகத் தெரியும். பழைய பெயர், சத்த அளவு, தாமதத் திருத்தம் எல்லாம் போய்விடும். கிளையன்டுக்கு நாமே ஒரு அடையாளப் பெயரைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாகக் கேட்கும் பாட்டு

நான்கும் ஓடத் தொடங்கிய பிறகு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் பாட்டு கோயில் மண்டபத்தில் கேட்பது போல எதிரொலித்தது. வீட்டுப் பெரியவர் சொன்னது, "என்னப்பா, பாட்டு ரெண்டா கேக்குது." அவர் சொன்னது சரி. ஸ்நாப்காஸ்ட் தன் பங்கை ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான பிசகோடு செய்கிறது. அதன் கையை விட்டு ஒலி போன பிறகு ரிசீவர் செய்யும் தாமதத்தை அது அறியாது.

அளக்கும் விதம்: விநாடிக்கு ஒரு 'டிக்' ஒலிக்கும் கோப்பை ஓடவிட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் போனை வைத்துப் பதிவு செய்து, அதை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து பெரிதாக்க வேண்டும். ஒவ்வொரு விநாடியிலும் இரண்டு கூர்முனைகள் தெரியும். இடைவெளியைச் சுட்டியால் தேர்ந்தெடுத்தால் கீழே மில்லிசெகண்ட் காட்டும். சமதூரம் கிடைக்காவிட்டால் மீட்டருக்கு 2.9 மில்லிசெகண்ட் கழித்துக்கொள்ளலாம், ஒலி காற்றில் போகும் வேகம் அது. இங்கே வந்தது 41 மில்லிசெகண்ட். 30 தாண்டினாலே காது இரண்டாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கும்.

ரிசீவர் 'மூவி' முறையில் இருந்தது. அதை 'டைரக்ட்' ஆக்கியதும் 41 என்பது 9 ஆனது. மிச்ச 9-ஐ ஸ்நாப்காஸ்டில் ஹால் கிளையன்டின் லேட்டன்சி எண்ணில் போட வேண்டும். அங்கே இன்னொரு தடுமாற்றம்: அந்த எண் 'எவ்வளவு தாமதிக்க வேண்டும்' என்பதல்ல, 'இந்தக் கருவி எவ்வளவு தாமதிக்கிறது' என்பது. 9 போட்டால் ஹால் 9 மில்லிசெகண்ட் முந்தி வாசிக்கும். புரியாமல் மைனஸ் 9 போட்டதில் இடைவெளி 18 ஆனது. குறியை மாற்றியதும் இரண்டு முனைகளும் ஒன்றாகின.

ஒன்றாகின என்றால், அந்த ஓர் இடத்தில். சமையலறை வாசலில் நின்றால் ஒரு ஸ்பீக்கர் 2 மீட்டர், மற்றது 6 மீட்டர். அந்த 4 மீட்டருக்கு 12 மில்லிசெகண்ட் இருக்கத்தான் செய்யும், எந்த மென்பொருளும் அதை எல்லா இடத்துக்கும் சேர்த்துத் தீர்க்காது. அதிகம் உட்காரும் இடம் எதுவோ அதற்குச் சரி செய்துவிட்டு விட வேண்டும். இங்கே சாப்பாட்டு மேசை.

வானொலிக்கும் ஒரு சொல். சமையலறையில் பழைய எஃப்எம் பெட்டியில் மின்னலும் ஹாலில் இணைய வழி மின்னலும் ஒன்றாக ஓடினால் அவை சேரவே சேராது. இணைய ஒலிபரப்பு பல விநாடி பின்னால் வரும். பெட்டியை அணைத்துவிடுவதுதான் வழி.

இடி, கரண்ட், கணக்கு

பிற்பகல் இடிமழைக்கு இந்த வீட்டின் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அவ்வப்போது டிரிப் ஆகும். மூன்றாவது முறை டிரிப் ஆனபோது மாடிக் கிளையன்டின் மெமரி கார்டு கெட்டது. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அப்படித்தான். ராஸ்பெர்ரி பையின் அமைப்புக் கருவியான ராஸ்பி கான்ஃபிக்கில் செயல்திறன் பகுதியில் ஓவர்லே கோப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் கார்டில் எதுவும் எழுதப்படாது. அறைகளின் சத்த அளவு, லேட்டன்சி எல்லாம் சர்வரில் சேமிக்கப்படுவதால் கிளையன்டுகள் இப்படிப் பூட்டிக் கிடப்பதில் நஷ்டம் இல்லை. எல்லாம் சரியாக ஓடிய பிறகே பூட்ட வேண்டும். முன்பே பூட்டிவிட்டால் மாற்றியது ஒவ்வொன்றும் அடுத்த பூட்டில் மறைந்து தலையைச் சுற்றவைக்கும்.

செலவு: ஜீரோ 2 டபிள்யூ இரண்டு 170, பிசிஎம் பலகை இரண்டு 36, ஆம்ப் பலகை இரண்டு 70, மேக்ஸ் பலகை 15, பழைய 19 வோல்ட் அடாப்டர் இரண்டு 50, 5 வோல்ட் அடாப்டர் மூன்று 45, மெமரி கார்டு மூன்று 54, ஃபோம் இரண்டு முறை 95, சாமி அறை ஸ்பீக்கர் 20, கேபிளும் டிரங்கிங்கும் 58, ஸ்பீக்கர் வயர் 25, பிளாஸ்டிக் பெட்டி மூன்று 36, வீணான குறைப்புப் பலகையும் ஐசொலேட்டரும் 22. மொத்தம் 696 வெள்ளி. இதில் தவறான ஃபோமையும் சேர்த்தால் 67 வெள்ளி பாடத்துக்குக் கட்டிய கட்டணம். ராஸ்பெர்ரி பை 4, பை 3 பி பிளஸ், பழைய ஸ்பீக்கர், ரிசீவர் ஆகியவை வீட்டில் இருந்தவை. அவற்றையும் வாங்க வேண்டுமென்றால் இந்தக் கணக்கு நிற்காது. கடையில் கிடைக்கும் ஸ்பீக்கரையே பார்ப்பது புத்திசாலித்தனம்.

சமையலறையிலிருந்து கழற்றிய ஜீரோ (மேலே உள்ள கணக்கில் சேராதது) கார் போர்ச்சுக்குப் போனது. அங்கே தோல்வி. சிக்னல் கிடைத்தது, பெட்டியின் காற்றுத் துளைக்குள் பல்லி புகுந்து ஆம்ப் பலகையின் இரண்டு கால்களுக்கு நடுவே செத்துக் கிடந்தது. சாமி அறை, சமையலறை, மாடி மூன்றிலும் இப்போது துளைகளின் மேல் கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறது. போர்ச்சுக்கு மழைச் சாரலும் தாங்குகிற பெட்டி கிடைக்கும் வரை அங்கே ஓட்டைப் பெட்டி எஃப்எம்தான். மாடிக்கும் ஒரு கேபிள் இழுக்க 25 மீட்டர் வாங்கி வைத்தாகிவிட்டது, படிக்கட்டுச் சுவரில் துளை போட வயர்மேன் வர வேண்டும்.